முயல் தலை வைத்த கம்பி வேலி: வீட்டுப் பாதுகாப்புப் பொருள்கள் அழகாக இருந்தால் என்ன ஆகும்?

லண்டன் வீடுகளின் முன்னால் கறுப்பு இரும்புக் கம்பி வேலி சர்வசாதாரணம். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஈட்டி மாதிரி ஒரு கூர்முனை இருக்கும். அந்த நகரின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்த மத்தியாஸ் மெக்யெரி என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர், 2003 வாக்கில் அந்த ஈட்டியை எடுத்துவிட்டு அங்கே முயல் தலையையும் பென்குயினையும் வைத்தார். அதோடு நிற்கவில்லை. கேட்டைக் கட்டிப் பூட்ட ஒரு இரும்புச் சங்கிலி செய்தார். தள்ளி நின்று பார்த்தால் சாதாரணச் சங்கிலி, கிட்டப் போனால் ஒவ்வொரு கண்ணியும் இதய வடிவம். சுவர் உச்சியில் சுருள் சுருளாக ஓடும் பிளேடுக் கம்பி இருக்கிறதல்லவா, அதன் பிளேடுகளைப் பட்டாம்பூச்சியாகவும் மீனாகவும் வெட்டினார். இந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ் செக்யூரிட்டி’.

பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பட்டாம்பூச்சி பிளேடுதான். கை வைத்தால் கிழிக்கும். இதய வடிவக் கண்ணியும் இரும்புதான். வேலை அப்படியே இருக்க, முகம் மட்டும் மாறியிருக்கிறது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2005 அக்டோபரில் தொடங்கி ஆபத்தும் வடிவமைப்பும் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. பாவ்லா அன்டொனெல்லி பொறுப்பில் நடந்த அந்தக் கண்காட்சியில் இந்தப் பொருள்களும் இடம்பெற்றன. மெக்யெரி செய்ததில் பாதி கேலி என்பது என் எண்ணம். ஒரு பக்கம் தோட்டத்தில் சிரிக்கும் பொம்மைகளை வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சிசிடிவியும் கம்பிச்சுருளுமாக வாழும் நகரத்தைப் பார்த்து, இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் காட்டிவிட்டார். மீதிப் பாதி ஒரு நியாயமான கேள்வி: வீட்டைக் காக்கும் பொருள் ஏன் எப்போதும் சிறைச்சாலையிலிருந்து கொண்டுவந்த மாதிரியே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கருத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சுருக்கமாக இதுதான்: பூட்டு, வேலி, அலாரம், கேமரா எதுவானாலும் அதன் தோற்றமும் அதன் வேலையில் ஒரு பகுதி. தோற்றம் வேலைக்கு உதவலாம், கெடுக்கவும் செய்யலாம்.

மூன்று பேர் பார்க்கிறார்கள்

ஒரு வீட்டு வேலியை மூன்று பேர் பார்க்கிறார்கள்: உள்ளே இருப்பவர், திருட நினைப்பவர், சும்மா தெருவில் போகிறவர். பாதுகாப்புப் பொருள் செய்பவர்கள் பெரும்பாலும் நடுவில் இருப்பவரை மட்டுமே மனதில் வைத்துச் செய்கிறார்கள். அவர் வருவது அபூர்வம். மற்ற இருவரும் தினமும் பார்க்கிறார்கள்.

நம் ஊர் காம்பவுண்ட் சுவரின் உச்சியில் சிமெண்டில் பதித்த பாட்டில் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஏறுகிறவன் கையைக் கிழிக்கும். சரி. ஆனால் ஒரு தடிமனான சாக்கை மேலே போட்டால் அதன் வேலை முடிந்தது. தெருவில் போகிறவருக்கோ அந்தச் சுவர் வருடம் முழுக்க “இங்கே பயம் இருக்கிறது, நீயும் பயப்படு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பந்து எடுக்க ஏறும் பிள்ளைக்கும் பூனைக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

தெருவில் போகிறவர் ஏன் முக்கியம்? அமெரிக்கச் சமூகவியலாளர்களான லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979-ல் ஒரு எளிய விளக்கம் கொடுத்தார்கள். திருட்டு நடக்க மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும்: திருட மனம் உள்ள ஆள், எடுக்கத் தோதான பொருள், கேட்க ஆளில்லாத நிலைமை. பூட்டும் வேலியும் நடுவில் உள்ளதைக் கொஞ்சம் கடினமாக்குகின்றன. மூன்றாவதை மாற்றுவது அக்கம்பக்கத்தார் கண்தான். நியூயார்க்கில் வாழ்ந்த, நகர வாழ்க்கை பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் இதையே 1961-ல் தெருவின் மேல் இருக்கும் கண்கள் என்று எழுதினார். ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய மொட்டைச் சுவர், திருடன் உள்ளே வரும்வரைதான் நமக்குத் துணை. ஏறிக் குதித்துவிட்டால் அப்புறம் அவனுக்குத் துணை. உள்ளே அவன் நிதானமாக ஜன்னலை நெம்பினாலும் எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியாது.

கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972-ல் இன்னொன்றைச் சேர்த்தார். இந்த இடத்துக்கு உரியவர் இருக்கிறார், கவனிக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தால், அந்நியர் உள்ளே கால் வைக்கத் தயங்குவார் என்பது அவர் வாதம். பளிச்சென்று பெயின்ட் அடித்த கேட், எரியும் வாசல் விளக்கு, தண்ணீர் ஊற்றிய தொட்டிச்செடி, காலையில் போட்ட கோலம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முயலைப் பார்த்து எந்தத் திருடனும் ஓடப்போவதில்லை. ஆனால் முயல் தலை வைத்த வேலியைத் தேர்ந்தெடுத்து மாட்டிய வீட்டில், வேலியைக் கவனிக்கிற ஒருவர் இருக்கிறார் என்பது அவனுக்கும் தெரியும்.

வேலி பற்றிப் பேசும்போது லண்டனின் இன்னொரு வேலியைச் சொல்லாமல் போக மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காக அந்த நகரின் இரும்பு வேலிகளில் நிறைய அறுத்து எடுக்கப்பட்டன. போர் முடிந்தபோது, குண்டுவீச்சில் காயம்பட்டவர்களைத் தூக்குவதற்காகச் செய்த இரும்பு ஸ்ட்ரெச்சர்கள் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தன. அவற்றைப் பக்கவாட்டில் நிறுத்தி, தெற்கு லண்டன் குடியிருப்புகளுக்கு வேலியாக மாட்டினார்கள். இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. கம்பியின் இரு முனையிலும் ஒரு வளைவு தெரியும். ஸ்ட்ரெச்சர் தரையில் படாமல் நிற்பதற்கான கால் அது. யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் அதைப் பாதுகாக்கச் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

பிடிக்காத பொருளை யாரும் பயன்படுத்துவதில்லை

மூவரில் மிக முக்கியமானவர் வீட்டுக்காரர்தான். பூட்டாத பூட்டு, பேட்டரி கழற்றிய அலாரம், “அந்தச் சத்தம் தாங்கல” என்று அணைத்து வைத்த சென்சார் இவையெல்லாம் எவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஒரு பயனும் இல்லை.

அழகுக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஆய்வு ஒன்று ஜப்பானில் நடந்தது. ஹிட்டாச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தில் மசாகி குரோசு, காவோரி காஷிமுரா இருவரும் ஏடிஎம் திரைக்கு 26 விதமான அமைப்புகளைத் தயாரித்து 252 பேரிடம் காட்டினார்கள். 1995-ல் வெளியான முடிவு இது: எது அழகாக இருந்ததோ அதையே பயன்படுத்தவும் சுலபம் என்று மக்கள் நினைத்தார்கள். உண்மையில் சுலபமா என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த நோவாம் டிராக்டின்ஸ்கி, தன் நாட்டில் இப்படி இருக்காது என்று சந்தேகப்பட்டுத் திரும்பச் செய்து பார்த்தார். அங்கேயும் அதே முடிவு, இன்னும் அழுத்தமாக.

இதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. நல்லது: பார்க்கப் பிடித்த பொருளை மக்கள் தொட்டுப் பார்ப்பார்கள், கற்றுக்கொள்வார்கள், சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்வார்கள். கெட்டது: அழகைப் பார்த்துத் தரத்தை நம்பிவிடுவார்கள். பூட்டு விஷயத்தில் இது ஆபத்து. பித்தளை பளபளப்பில் மயங்கி வாங்கிய பூட்டின் உள்ளே லீவர் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்காரரை மனதில் வைத்துச் செய்த பொருளுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் நெஸ்ட் ப்ரொடெக்ட். திருடனுக்கானது இல்லை, தீக்கானது. புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டுபிடிக்கும் அலாரம். ஆப்பிளில் ஐபாட் உருவாக்கத்தில் இருந்த டோனி ஃபடெல் இணைந்து தொடங்கிய நெஸ்ட் நிறுவனம் 2013-ல் கொண்டுவந்தது. அமெரிக்க வீடுகளில் கூரையில் புகை அலாரம் கட்டாயம் போல இருக்கும். ரொட்டி கொஞ்சம் கருகினாலே அலறும். மிளகாய் தாளிக்கிற வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டூல் போட்டு ஏறிப் பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் திரும்பப் போடவே மாட்டார்கள்.

நெஸ்ட் செய்தது என்னவென்றால், புகை லேசாக இருக்கும்போதே மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு மனிதக் குரல், எந்த அறையில் என்பதையும் சேர்த்து, முன்கூட்டியே சொல்லும். நிலைமை முற்றினால்தான் சிவப்பு வெளிச்சமும் அலறலும். இரவு நீங்கள் அறை விளக்கை அணைத்ததும் கருவியில் இருக்கும் விளக்கு வளையம் ஒரு கணம் பச்சையாக ஒளிரும். எல்லாம் சரியாக இருக்கிறது, தூங்கலாம் என்று அர்த்தம். நடு இரவில் பாத்ரூம் போக எழுந்தால், நடப்பதைக் கண்டுகொண்டு மங்கலான வெள்ளை விளக்கைப் போடும். வருடத்தில் ஒரு நாள்கூடத் தேவைப்படாத ஒரு கருவிக்கு, தினமும் இரவில் ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டார்கள். அது உயிரோடு இருக்கிறதா என்பது தினமும் கண்ணில் படுகிறது.

அழகும் வேலையும் ஒரே இரும்பில்

இந்த யோசனை புதிது என்று நினைக்க வேண்டாம். சீனாவில் பழைய பூட்டுகள் பல மீன் வடிவத்தில் செய்யப்பட்டன. மீன் கண் மூடுவதில்லை. இரவும் பகலும் விழித்திருக்கும் காவலாள் என்பது அந்த நம்பிக்கை.

திண்டுக்கல் பூட்டு இன்னும் ஒரு படி மேலே. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டுகள் கையால் செய்யப்படுகிறவை. மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்று பெயர் பெற்றது ஒன்று. மணிப் பூட்டு என்று இன்னொன்று உண்டு. சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே மணி அடிக்கும். பூட்டுகிறவருக்கு அது இனிமை, பிள்ளைகளுக்கு வேடிக்கை. நள்ளிரவில் வேறு யாராவது திருப்பினால் அதே மணிதான் வீட்டாரை எழுப்பும் அலாரம். மின்சாரமும் பேட்டரியும் கிடையாது. கோயில் கதவிலும் பழைய வீட்டுக் கதவிலும் வரிசையாகத் தொங்கும் சின்ன மணிகளும் இதே மாதிரிதான். அலங்காரம் என்று நினைக்கிறோம், கதவைச் சத்தமில்லாமல் திறக்க முடியாது என்பதைக் கவனிப்பதில்லை.

நல்ல வடிவமைப்பை அடையாளம் காண எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். அந்த அழகை எடுத்துவிட்டால் பொருளின் வேலை குறைகிறதா? மணிப் பூட்டிலிருந்து மணியை எடுத்தால் குறையும். இதயச் சங்கிலியிலிருந்து இதயத்தை எடுத்தால் சங்கிலியே இல்லை. ஆனால் சாதாரணத் தகரப் பூட்டின் மேல் ஒட்டிய கார்ட்டூன் ஸ்டிக்கரை எடுத்தால் ஒன்றும் ஆகாது. அது வெறும் ஸ்டிக்கர்.

லண்டனின் சென்ட்ரல் செயிண்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் லொரெய்ன் காமன் தலைமையில் இயங்கிய, குற்றத்தடுப்பு வடிவமைப்புக்கான ஆய்வு மையம் செய்த ‘ஸ்டாப் தீஃப்’ நாற்காலி இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். வீட்டுப் பொருள் இல்லை, ஹோட்டலுக்கானது. உட்காரும் பலகையின் முன்விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். கைப்பையின் வாரை அதில் மாட்டினால் பை முழங்காலுக்குப் பின்னால் தொங்கும். யார் இழுத்தாலும் உடனே தெரியும். நாற்காலி நாற்காலி மாதிரியேதான் இருக்கிறது. காபி குடிக்க வந்தவரிடம் “திருடர்கள் ஜாக்கிரதை” என்று போர்டு காட்டிக் கலவரப்படுத்தவில்லை.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பையில் மாட்டிக்கொண்டு போகும் குற்றத்தடுப்பு பஸரையும் இங்கே சேர்க்கலாம். கயிற்றை இழுத்தால் காது கிழியும். பூ, மிருகம், கார்ட்டூன் முகம் என்று பல உருவங்களில் கிடைக்கிறது. இங்கே பொம்மை உருவம் ஒரு வேலை செய்கிறது: பிள்ளை அதை வெட்கப்படாமல் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளும். பையின் அடியில் புதைந்து கிடக்கும் பஸர் அவசரத்தில் கைக்கு வராது.

எங்கே விளையாட்டு கூடாது

இனி எச்சரிக்கை. நெஸ்ட் ப்ரொடெக்டில் இன்னொரு வசதியும் இருந்தது. தவறாக அலாரம் அடித்தால் ஸ்டூல் தேட வேண்டாம். கீழே நின்று கையை ஆட்டினால் போதும், அடங்கிவிடும். விளம்பரத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உண்மையான தீயில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கையை வீசிக்கொண்டு ஓடுவார்கள். அந்த அசைவுகளைக் கருவி, அணைக்கச் சொல்வதாகப் புரிந்துகொண்டு அலாரத்தைத் தாமதப்படுத்திவிடக் கூடும் என்பதை நெஸ்டே தன் சோதனையில் கண்டுபிடித்து, 2014 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தியது. ஏற்கெனவே விற்ற சுமார் 4,40,000 கருவிகளில் அந்த வசதி மென்பொருள் வழியாக முடக்கப்பட்டது. பிறகு கையசைவு இல்லாமலேதான் விற்பனைக்குத் திரும்பியது. யாருக்கும் காயம் என்று செய்தி வருவதற்கு முன்பே நிறுத்தியதைப் பாராட்ட வேண்டும்.

அன்றாடம் இனிமையாக இருக்கலாம். ஆபத்து நேரத்தில் கருவி கடுமையாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரநிலைப்படி புகை அலாரம் 10 அடி தூரத்தில் குறைந்தது 85 டெசிபல் சத்தம் போட வேண்டும். அதைக் குயில் பாட்டாக மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் குருவி கத்துகிற காலிங் பெல் இருக்கிறதே, அது வேறு. விருந்தாளிக்கு அது போதும். அலாரச் சத்தத்தில் செய்யக்கூடிய நல்ல மாற்றம் வேறொன்று இருக்கிறது. வழக்கமான அலாரம் 3,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கீச்சென்று கத்தும். தூங்கும் குழந்தைகளையும் காது மந்தமான பெரியவர்களையும் 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சத்தம் அதைவிட நன்றாக எழுப்புகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்க இனிமையாக இருக்காது, ஆனால் எழுப்பும்.

இரண்டாவது எல்லை, கண்காணிக்கும் பொருளைப் பொம்மையாக்குவது. கரடி பொம்மையின் கண்ணுக்குள் கேமரா வைத்து விற்கிறார்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் விருந்தாளிக்கும் தெரியாமல் படம் பிடிப்பதற்கு அழகான வடிவமைப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் 2017 பிப்ரவரியில் ‘மை ஃப்ரெண்ட் கைலா’ என்ற பேசும் பொம்மைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு தடை விதித்தது. பொம்மைக்குள் மறைந்திருந்த மைக், வீட்டில் பேசுவதை வெளியே அனுப்பக்கூடியதாக இருந்ததால் அது ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்பு கருவி என்று கருதப்பட்டது. கேமரா எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் கேமரா என்று தெரிய வேண்டும். ரிங் நிறுவனத்தின் கேமரா வைத்த காலிங் பெல்கள் சிலவற்றில் பொத்தானைச் சுற்றி ஒளிரும் நீல வளையம் இந்த விஷயத்தில் நேர்மையானது: எங்கே அழுத்துவது என்று வந்தவருக்குக் காட்டுகிறது, இங்கே ஒரு கருவி விழித்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் படங்கள் யார் கைக்குப் போகின்றன என்பது வேறு சண்டை.

பட்டறைக்குப் போகும் முன்

புது வீட்டுக்கு ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்யப் போகிறவர்களுக்கு இதெல்லாம் நேரடியாக உதவும். மயில், தாமரை, சூரியன் என்று வெல்டர் காட்டும் டிசைன்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: இதில் கால் வைத்து ஏற முடியுமா? கிடைமட்டக் கம்பியும் பெரிய சுருள்களும் கேட்டுக்கு ஏணிப்படி போட்டுக் கொடுத்த மாதிரி. மயிலின் விரித்த தோகை கீழே இருந்தால் திருடனுக்குப் படி, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் படி. கீழ்ப்பகுதி முழுக்கச் செங்குத்துக் கம்பியாக விட்டு, மயிலை மேலே ஏற்றச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே சுமார் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். சின்னக் குழந்தையின் தலை நுழைந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க, பல நாடுகளின் கட்டட விதிகளில் கைப்பிடிச் சுவர்க் கம்பிக்கு இந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டைத் தகரம் அடித்து முழுக்க மூடாமல் கம்பியிடையே தெரு தெரியும்படி விட்டால், தெருவுக்கும் வீடு தெரியும். செடி வைக்க ஆசைப்பட்டால் சுவரோரம் காகிதப்பூ நடலாம். பூவும் உண்டு, முள்ளும் உண்டு.

கிரில்லில் குறைந்தது ஒரு படுக்கையறை ஜன்னலையாவது கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கும்படி செய்துகொள்ளுங்கள். எல்லா ஜன்னலையும் வெல்டு வைத்து அடைத்த வீட்டில் வாசல் பக்கம் தீப்பிடித்தால் வெளியேற வழியே இல்லை. அந்தச் சாவி, வெளியிலிருந்து கம்பிக்குள் கைவிட்டால் எட்டாத, ஆனால் அறைக்குள் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். அதில் இருட்டில் ஒளிரும் ஒரு பெரிய பொம்மைச் சாவிவளையத்தை மாட்டுங்கள். பொம்மை எது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அப்போதுதான் புகையில் அது எங்கே இருக்கிறது என்று அதற்கு நினைவிருக்கும்.